அன்பிற்கு அரிய அயலார்

நம் கல்விச் சங்கம் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுறும் இந்நன்னாளில், வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க் குழுவினர் பணித்தனர். மாணவர்க்கு வரலாறு கற்பிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட நாம், வரலாற்றிலிருந்தே ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். தன்னை நேசிப்பது போலவே அயலானையும் நேசிக்க வேண்டும் என்பது கிறிஸ்தவ சமயத்தின் தலையாய கட்டளைகளுள் ஒன்று. அந்த அயலான் நம்மைத் தீண்ட மறுப்பவனாயிருந்தால் அக்கட்டளையை எவ்வாறு நிறைவேற்றுவது? தமிழ்நாட்டுத் திருச்சபை இக்கேள்வியுடன் மூன்று நூற்றாண்டுகளாகப் போராடி வருகின்றது.

நம் சங்கத்தில் இந்துக்கள் உளர், கிறிஸ்தவர்கள் உளர், பௌத்தம் தழுவியோரும் உளர். ஆதலின் இக்கட்டுரையை மதப் பிரசாரமாக எவரும் கொள்ள வேண்டா. எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், நம்மை ஒதுக்கியவரோடு ஒரே ஊரில் வாழவேண்டிய நிலை நம் அனைவர்க்கும் பொதுவானது. அவ்வகையில் இவ்வரலாறு நம் அனைவர்க்கும் உரியது.

முதற்கண், கட்டளை விளக்கம் பெற்ற இடத்தைக் காண்போம். தன் அயலான் யார் என்று சட்டம் கற்ற ஒருவன் இயேசுவைக் கேட்டபோது, அவர் நல்ல சமாரியன் கதையைக் கூறினார் என்பது லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வருவது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதையில் கள்வர் கையில் அடிபட்டுக் கிடந்த ஒருவனை ஆசாரியன் கடந்து சென்றான். லேவியன் கடந்து சென்றான். சமாரியன் நின்று காயம் கட்டினான். இக்கதையை நாம் பள்ளிப் பருவத்திலேயே கேட்டிருப்போம். ஆனால் சமாரியன் என்ற சொல் அன்று கேட்டோர் காதில் எவ்வாறு ஒலித்தது என்பதை வரலாறு தெரிந்தாலன்றி உணர இயலாது.

யூதர்க்கும் சமாரியர்க்கும் இடையே நெடுங்காலப் பகை நிலவியது. கெரிசீம் மலையில் இருந்த சமாரியரின் கோயிலை, கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூத ஆட்சியாளனாகிய யோவான் ஹிர்க்கானு இடித்துத் தள்ளினான். அதற்கு நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், எருசலேம் ஆலயத்துக்குள் சமாரியர் சிலர் இரவில் புகுந்து மனித எலும்புகளை இறைத்துத் தீட்டுப்படுத்தினர் என வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியுள்ளார். குற்றம் இருபுறமும் இருந்தது. அதே லூக்கா நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், இயேசுவுக்கே ஒரு சமாரியக் கிராமம் தங்க இடம் தர மறுத்தது. சீடர் இருவர் அவ்வூரின்மேல் வானத்திலிருந்து தீ இறங்கட்டும் என்றனர். அவரோ அவர்களைக் கடிந்துகொண்டார். இடம் மறுத்த அந்த இனத்தானையே அடுத்த அதிகாரத்தில் கதைத் தலைவனாக்கினார். இழிந்தவன் என்று ஒதுக்கப்பட்டவன் அக்கதையில் இரக்கம் கேட்டு நிற்கவில்லை. இரக்கம் காட்டும் இடத்தில் நிற்கின்றான். நம் இளைஞர்கள் இதனை நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்கு, புளுட்சோ என்னும் இரு ஜெர்மானியக் குருமார் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். தமிழ்நாட்டின் சீர்திருத்தச் சபை வரலாறு அங்கே தொடங்குகின்றது. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர்களும், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தவர்களும் அந்த மிஷனாரே. ஆயினும் சாதிக் கிறிஸ்தவர்களும் பறையர் வகுப்புக் கிறிஸ்தவர்களும் ஆலயத்தில் தனித்தனி இடங்களில் அமரும் வழக்கம் தொடக்க காலத்திலேயே புகுந்துவிட்டது. ஒரே கடவுளை வணங்கினர். ஒரே பாயில் அமரவில்லை.

அக்காலத்தில் இராசநாயக்கன் என்ற பெயருடைய உபதேசியார் ஒருவர் இருந்தார். பறையர் வகுப்பினர். தஞ்சை மன்னரின் படையில் வீரராயிருந்தவர். வேதநூலைத் தாமே படித்து உள்ளம் மாறித் தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்து, தஞ்சைப் பகுதியில் ஊர் ஊராய் நடந்து ஊழியம் செய்தார். 1733-ஆம் ஆண்டில் இந்தியரில் முதன்முதலாக ஒருவர்க்கு அச்சபையில் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அதனைப் பெற்றவர் வேளாளர் வகுப்பினரான ஆரோன் என்பவர். இராசநாயக்கனுக்கு அப்பட்டம் வாய்க்கவேயில்லை. அவருடைய உழைப்பையும் ஒழுக்கத்தையும் குருமார் போற்றினர். எனினும் அவர் கையால் திருவிருந்து பெறச் சாதிக் கிறிஸ்தவர்கள் இசையமாட்டார்கள் என்று தயங்கினர். அவர் 1771-இல் மறையும் வரை உபதேசியாராகவே பணியாற்றினார்.

இராசநாயக்கனின் வாழ்வை எண்ணும்போது நம் உள்ளத்தில் இரண்டு உணர்ச்சிகள் எழுகின்றன. தம்மை இழிவாகக் கருதியவர் நடுவிலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்த அம்மனிதரின் பொறுமை போற்றத்தக்கது. அதே நேரத்தில், அவருடைய பொறுமை சாதியாரை மாற்றிவிடவில்லை என்பதும் உண்மை. அவர் பொறுத்தார், அவர்கள் வசதியாக இருந்துகொண்டனர். ஒருவர் மட்டும் பொறுத்துக்கொண்டே இருப்பதற்கு அன்பு என்று பெயரிடலாமா? பத்தொன்பதாம் நூற்றாண்டு இக்கேள்வியை வெளிப்படையாகவே எழுப்பியது.

1833-ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சுற்றறிக்கை ஒன்று விடுத்தார். சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் ஒழிக்கப்படல் வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வறிக்கை வேப்பேரியிலும் தஞ்சையிலும் படிக்கப்பட்டபோது பெருங்கொந்தளிப்பு எழுந்தது. சாதிக் கிறிஸ்தவர் பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே சாதி வழக்கத்துக்கு ஆதரவாக நின்றார். அயலானை நேசிக்கும்படி பாடல்கள் கேட்டுப் பழகிய சபையார்க்கு, அயலானின் பக்கத்தில் அமர்வது இயலாததாய்த் தோன்றிற்று.

மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் இன்னும் ஒருபடி மேலே சென்றது. 1847-ஆம் ஆண்டில், சாதியை விட்டதாகக் கூறுவோர் அதனைச் செயலில் காட்டுதல் வேண்டும் என்று அம்மிஷன் வற்புறுத்தியது. எல்லாரும் ஒன்றாய் அமர்ந்து உண்பதே அதற்குரிய சோதனை. அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர். நாவினால் சாதி இல்லை என்றவர் பலர், தாழ்த்தப்பட்டவர் சமைத்த சோற்றைக் கண்டதும் பின்வாங்கினர். மிஷனில் ஊதியம் பெற்ற உபதேசியார்களே பலர் வேலையை இழக்கத் துணிந்தனரேயன்றி அவ்விருந்தில் அமரத் துணிந்தாரில்லை. 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடும் ஒன்றாய் உண்ணுதலையே அளவுகோலாக ஏற்றது. இலைப்சிக் மிஷனார் மட்டும், சாதி நோயைப் படிப்படியாகக் குணப்படுத்தலாம், வலிந்து அறுக்கலாகாது என்று வேறு வழி கொண்டனர். இரு தரப்பாரும் அன்பையே காரணமாகக் காட்டினர். மதுரையார் கூறிய அன்பு தாழ்த்தப்பட்டவனின் மானத்தை எண்ணியது. இலைப்சிக்கார் கூறிய அன்பு சாதியாரின் மனம் நோகுமே என்று எண்ணியது.

திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தின் வரலாறும் அறியத்தக்கது. அவ்வூர்க் கத்தோலிக்கரில் வேளாளர்க்கும் நாடார்க்கும் இடையே பூசல் முற்றியிருந்தது. 1872-இல் எழுந்த ஆலயம், பீடம் ஒன்றாகவும், மக்கள் நிற்கும் பகுதி இரண்டாகப் பிரிந்து செல்வதாகவும் அமைந்தது. இரு கால்களுடைய காற்சட்டை போன்ற வடிவம் எனலாம். ஒரு பிரிவார் மற்றொரு பிரிவாரைக் காணாமலேயே ஒரே பூசையைக் காணலாம். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அச்சுவர் நின்றது. 1910-ஆம் ஆண்டையொட்டித் திருச்சபை அதிகாரிகள் அதனை இடித்தனர். வேளாளர் நீதிமன்றம் சென்றனர். சுவரை மீண்டும் எழுப்பும் உரிமை தமக்கு உண்டென வாதிட்டனர். சென்னை உயர் நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்க மறுத்தது. சுவரை இடித்தமையால் வேளாளர்க்கும் நாடார்க்கும் உடனே நட்பு பிறந்துவிடவில்லை. ஆனால், சுவர் இருக்கும் வரை நட்புக்கு வழியே இல்லை என்பதை யார் மறுக்க இயலும்?

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாமல் விடலாகாது. அச்சுவரின் இருபுறமும் நின்றவர்கள் நம் மக்கள் அல்லர். ஒரு சுவரின் கீழ்ப்புறத்தில் நின்று வருந்துகிறவர், மற்றொரு சுவரின் மேற்புறத்தில் நின்று பிறரை வருத்துவதும் உலக வழக்கு. இதனை நம்மையும் சேர்த்தே கூறுகின்றோம். இதற்கு எடுத்துக்காட்டாக, நம் மாநிலத்தை அடுத்த தெலுங்கு நாட்டின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

1866-ஆம் ஆண்டில் ஓங்கோலுக்கு ஜான் கிளவ் என்னும் அமெரிக்க பாப்டிஸ்டுக் குரு வந்தார். அவ்வாண்டே, தோல் வணிகம் செய்த பெரையா என்னும் மாதிகா வகுப்பினர் திருமுழுக்குப் பெற்றார். அவரைத் தொடர்ந்து மாதிகா மக்கள் பலர் வரத் தொடங்கினர். ஊரிலிருந்த உயர்சாதியார், இவர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்றனர். மிஷன் பள்ளியிலிருந்து தம் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். கிளவ் பலநாள் மனங்குழம்பினார். பின்னர் மாதிகா மக்களின் பக்கமே நின்றார். 1876 முதல் 1878 வரை கொடும் பஞ்சம் நேர்ந்தபோது, பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியை அவர் ஒப்பந்தம் எடுத்துப் பசித்தோர்க்குக் கூலி கிடைக்கச் செய்தார். சோற்றுக்காக மதம் மாறினர் என்ற பழி வரலாகாது என்று பஞ்சக் காலத்தில் எவருக்கும் திருமுழுக்கு அளிக்கவில்லை. பஞ்சம் தணிந்த பின், 1878 ஜூலை 3-ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர்.

தெலுங்கு நாட்டில் தாழ்த்தப்பட்டோருள் மாலா, மாதிகா என இரு பெரும் வகுப்புகள் உண்டு. ஊரார் இருவரையும் ஒருங்கே ஒதுக்கினர். அவர்களோ ஒருவரையொருவர் ஒதுக்கினர். இப்பகைமையின் நடுவே தோர்ணக்கல் மறைமாவட்டத்தில் பணியாற்றியவர் பேராயர் அசரியா. 1874-இல் திருநெல்வேலியின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளைக் குருமார் இந்தியருக்காகப் பெருந்தியாகங்கள் செய்துள்ளனர், ஆனால் எங்களுக்கு வேண்டியது நட்பு என்று வெள்ளையர் முகத்துக்கு நேரே கூறியவரும் அவரே. அப்பேச்சு அவையோர் சிலருக்குக் கசந்தது. அசரியாவுக்கு அவர்கள்மேல் வெறுப்பு இல்லை. வெறுத்திருந்தால் நட்பைக் கேட்டிருக்கமாட்டார். அதே மனிதர் தோர்ணக்கலில் மாலாவும் மாதிகாவும் ஒரே சபையாய் அமர வேண்டுமென்று 1945-இல் மறையும் வரை உழைத்தார். முற்றும் வென்றார் என்று கூற இயலாது. எனினும் மேலிருப்போரிடம் கேட்ட சமத்துவத்தைத் தம் மக்களிடமும் கேட்டார் என்பதால் அவர் சொல்லுக்கு வலிமை இருந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணவேண்டா. 2008-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எறையூரில் நடந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அவ்வூர்த் தலித் கத்தோலிக்கர் தமக்குத் தனிப் பங்கு வேண்டும் எனக் கேட்டனர், வன்னியர் கத்தோலிக்கர் எதிர்த்தனர், பூசல் மூண்டது, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இறந்த இருவரும் வன்னியர் தரப்பினர். அச்செய்தியைப் படித்த நாளில் நம் தெருவில் சிலர், நம்மவர் எவரும் சாகவில்லையே என ஆறுதல் கொண்டனர். உண்மையைச் சொன்னால், நம் மனத்திலும் அவ்வெண்ணம் ஒரு கணம் எழுந்தது. அன்று இரவு அவ்விருவரின் வீட்டுப் பெண்களை எண்ணிப் பார்த்த பிறகே நாணம் கொண்டோம். நம் கோரிக்கை நியாயமானது. அந்நியாயம் அவ்விரு வீடுகளின் அழுகையைச் சிறியதாக்கிவிடாது.

ஆயின், அன்பிற்கு அரிய அயலாரிடம் எங்ஙனம் நடந்துகொள்வது? நூல்களில் படித்ததைக் காட்டிலும், நம் பணிக்காலத்தில் கண்ட ஒரு நிகழ்ச்சி நமக்கு இதனைத் தெளிவாக்கியது. முன்னர் நாம் பணிபுரிந்த பள்ளி ஒன்றில், நம் வகுப்பைச் சார்ந்த ஓர் அம்மையார் சத்துணவுச் சமையலராக நியமனம் பெற்று வந்தார். மறுநாளே ஊர்த்தெருப் பிள்ளைகள் பாதிக்குமேல் வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவரலாயினர். பெற்றோர் சிலர் வந்து, அம்மையாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீரும் என்றனர். நாம் மறுத்துவிட்டோம், மேலதிகாரிகளுக்கும் உள்ளதை எழுதினோம், அவர்களும் நியமனத்தை மாற்றவில்லை. 1847-இன் அன்பின் விருந்து நம் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்திலேயே மீண்டும் நடப்பதாய்த் தோன்றியது.

உண்ணாத பிள்ளைகளின் பெயரை உணவுப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமா என்று அமைப்பாளர் கேட்டபோது, அவ்வம்மையார் குறுக்கிட்டு, "பேரை அடிச்சிடாதீங்க ஐயா, பசிச்சா பிள்ளைங்க வரும்" என்றார். ஒவ்வொரு நாளும் எல்லாப் பிள்ளைகளின் தட்டுகளையும் கழுவி வரிசையாய் வைத்தார். சில வாரங்கள் கழிந்து, நாற்று நடவுக் காலத்தில் தாய்மார் விடியலில் வயலுக்குச் சென்றுவிட்ட ஒரு நாள், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அம்மையார் எதுவும் கேளாமல் சோறிட்டார். அவ்வாரத்தில் மேலும் நால்வர் வந்தனர். ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலோர் வந்தனர். சில பெற்றோர் இறுதிவரை தம் பிள்ளைகளை உண்ணவிடவில்லை. அதனையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

அவ்வம்மையார் தம் வேலையை விட்டுக்கொடுக்கவில்லை. இடத்தை விட்டுப் போகவுமில்லை. தம்மை ஒதுக்கியவர்களின் பிள்ளைகளுக்குத் தட்டு வைப்பதையும் நிறுத்தவில்லை. உரிமையை விடாத உறுதியும் கதவைச் சாத்தாத நெஞ்சமும் அவரிடம் ஒருங்கே இருந்தன. இராசநாயக்கன் காலத்தில் முன்னதற்குத் துணை நின்றோர் இல்லை. இன்று அரசியலமைப்புச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு தீண்டாமையை ஒழித்து நமக்குத் துணை நிற்கின்றது. பின்னதை எந்தச் சட்டமும் தர இயலாது. அது நம்மிடமிருந்தே வரவேண்டும்.

அன்புள்ள இளைஞர்களே! அயலானை நேசியுங்கள் என்று நாம் கூறும்போது, அவன் காலில் விழுங்கள் என்று பொருள் கொள்ளாதீர்கள். தனிக் குவளையில் தேநீர் தந்தால் அதனை ஏற்காதீர்கள், சட்டப்படி முறையிடுங்கள். ஆனால் அவ்வூர்ப் பிள்ளை ஒருவன் தேர்வில் தவறி நம் மாலை வகுப்பை நாடி வந்தால், அவனுக்கும் பாய் விரியுங்கள்.

சங்க உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் எத்தனையோ பிள்ளைகள் படித்து உயர்ந்தனர். நம் ஊரிலேயே அருந்ததியர் தெரு ஒன்று உள்ளது. அத்தெருவிலிருந்து நம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். வராதே என்று நாம் யாரும் கூறியதில்லை என்பது உண்மை. வா என்று சென்று அழைத்ததும் இல்லை. நமக்கு அன்பு காட்ட மறுத்தவர்களின் வரலாற்றைப் படித்த நாம், நம்மிடம் அன்பை எதிர்பார்த்து நிற்போரை மறந்தோமாயின், அவ்வரலாற்றால் பயன் யாது?

வெள்ளி விழா முடிந்த மறுவாரமே, மலர்க் குழுவினரும் சங்க நிர்வாகிகளும் நம்மோடு சேர்ந்து அத்தெருவுக்கு வர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கின்றோம். ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையின் பெயரையும் எழுதிக்கொண்டு வருவோம். அழைத்தால் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே அவ்வீடுகளில் அமர்ந்து உண்போம். பொன்விழா மலரில் எழுதப்போகிறவருக்கு, இக்குறையை மீண்டும் எழுதவேண்டிய தேவை இல்லாதிருக்கட்டும்.